119 தோல்விக்குப் பிறகு ராக்கீஸ் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி இது: "கொலராடோ ராக்கீஸ் பேஸ்பால் அணி 2025-இல் 119 ஆட்டங்களைத் தோற்றது. இருப்பவர்களை விற்று, இளைஞர்களை வாங்கி, நாலைந்து வருடம் பொறுத்திருந்து அணியைப் புதிதாகக் கட்டுவதா? கஜானாவைத் திறந்து பெரிய ஆட்டக்காரர்களை வாங்கிப் போட்டு உடனே போட்டிக்கு வருவதா? எது சரி?"

புதிதாகக் கட்டத்தான் வேண்டும். ஆனால் இடிப்பதை மைதானத்தில் நிற்பவர்களிடமிருந்து தொடங்கக் கூடாது. மாடி அறையில் உட்கார்ந்து அவர்களைத் தேர்ந்தெடுத்தவர்களிடமிருந்து தொடங்க வேண்டும். அது நடக்காதவரை விற்றாலும் வீண், வாங்கினாலும் வீண்.

இந்த அணியின் ஊரான டென்வர் பக்கம் ஆறு வருடம் குடியிருந்தவன் நான். அணியின் சொந்த மைதானமான கூர்ஸ் ஃபீல்டில் நடு மைதானத்துக்குப் பின்னால் 'ராக்பைல்' என்று ஒரு மலிவு டிக்கெட் பகுதி உண்டு. அங்கே உட்கார்ந்து இந்த அணி தோற்பதைப் பார்த்த மாலைகளுக்குக் கணக்கே இல்லை. பதிலில் கொஞ்சம் எரிச்சல் கலந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பணக் கணக்கு. இது புரியாமல் மற்றதைப் பேச முடியாது. ஐபிஎல்லில் எல்லா அணிக்கும் ஒரே அளவு பணப்பை. அமெரிக்க பேஸ்பாலில் அப்படி இல்லை. சம்பளத்துக்கு உச்சவரம்பே கிடையாது. ஓர் எல்லையைத் தாண்டினால் வரி கட்ட வேண்டும், அவ்வளவுதான். 2025-இல் அந்த எல்லை 24.1 கோடி டாலர். வரியைக் கட்டிவிட்டு மேலே மேலே செலவழிக்கும் அணிகளும் உண்டு. இன்னொரு பக்கம், ஓர் இளைஞர் மேஜர் லீகுக்கு, அதாவது உச்சமட்டத் தொடருக்கு, வந்துவிட்டால் முதல் ஆறு ஆண்டுகள் அவர் அந்த அணியின் கட்டுப்பாட்டில் இருப்பார். அதில் முதல் மூன்று ஆண்டுகள் பெரும்பாலும் குறைந்தபட்சச் சம்பளம்தான். 2025-இல் அது 7,60,000 டாலர். அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு நடுவர் முன்னிலையில் பேரம் பேசலாம். ஆறும் முடிந்த பிறகுதான் அவர் ஃப்ரீ ஏஜென்ட், யாரிடம் வேண்டுமானாலும் போகலாம்.

பேஸ்பால்காரரின் உடம்பு உச்சத்தில் இருப்பது இருபத்தாறு முதல் இருபத்தொன்பது வயது வாக்கில். பெரும்பாலானவர்கள் சந்தைக்கு வருவது முப்பதை ஒட்டி. ஆக, சந்தையில் வாங்குகிறவர் பழைய சாதனைக்குப் புது விலை கொடுக்கிறார். வீட்டிலேயே வளர்த்தவருக்கோ உச்சகாலம் அடிமாட்டு விலையில் கிடைக்கிறது. புதிதாகக் கட்டும் யோசனைக்கு அடிப்படையே இந்த விலை வித்தியாசம்தான். தோற்பதால் ஒன்றும் கிடைப்பதில்லை, வளர்ப்பதால்தான் கிடைக்கிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்ட அணிகள்தான் பத்து வருடமாகக் கீழே கிடக்கின்றன.

இதற்கு ஒரு நல்ல சோதனை சமீபத்தில் தானாகவே நடந்தது. 2023 முடிவில் அமெரிக்கன் லீக் சென்ட்ரல் பிரிவில் இரண்டு அணிகள் படுத்துக் கிடந்தன. கான்சஸ் சிட்டி ராயல்ஸுக்கு 106 தோல்வி, சிகாகோ வைட் சாக்ஸுக்கு 101 தோல்வி. ஊர் அளவைப் பார்த்தால் எழ வேண்டியது சிகாகோ. நாட்டின் மூன்றாவது பெரிய நகரம் அது. கான்சஸ் சிட்டியோ பேஸ்பால் ஊர்களிலேயே சின்னவற்றில் ஒன்று. அடுத்த ஆண்டு ராயல்ஸ் 86 ஆட்டம் ஜெயித்து பிளேஆஃபுக்குப் போனது. வைட் சாக்ஸ் 121 தோற்றது. 1962-இல் நியூயார்க் மெட்ஸ் 120 தோற்றதுதான் அதுவரை நவீன காலத்தின் மோசமான கணக்கு. அந்தக் கோடையில் வைட் சாக்ஸ் தொடர்ந்து 21 ஆட்டங்களைத் தோற்றது. ஜூலை 10-இல் தொடங்கிய தோல்வி ஆகஸ்ட் முதல் வாரம் வரை ஓயவில்லை.

ராயல்ஸ் என்ன செய்தது? மேலோட்டமாகப் பார்த்தால் பணம் செலவழித்தது. அந்தக் குளிர்காலத்தில் வெளியாட்களுக்கு மொத்தம் 10 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம் போட்டது. செத் லூகோவுக்கு மூன்று ஆண்டுக்கு 4.5 கோடி, மைக்கேல் வாக்காவுக்கு இரண்டு ஆண்டுக்கு 3.2 கோடி. இரண்டு பேரும் பிட்சர்கள் (பந்து வீசுபவர்கள்), முப்பதைக் கடந்தவர்கள், மற்ற அணிகள் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்த்தவர்கள். லூகோ அந்த ஆண்டு லீகின் சிறந்த பிட்சருக்கான வாக்கெடுப்பில் இரண்டாம் இடம் வந்தார்.

ஆனால் அந்தச் செலவு பலித்ததற்குக் காரணம் வீட்டில் ஏற்கெனவே இருந்த இரண்டு பேர். ஒருவர் பாபி விட் ஜூனியர். ஷார்ட்ஸ்டாப், அதாவது இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்பவர். அணிகள் வரிசையாக இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2019-இல், இரண்டாவதாக எடுக்கப்பட்டவர். 2024 பிப்ரவரியில் அவருக்கு 11 ஆண்டுக்கு 28.87 கோடி டாலர் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்த ஆண்டே .332 சராசரியோடு லீகின் பேட்டிங் பட்டத்தை வாங்கினார். இன்னொருவர் கோல் ரேகன்ஸ். இடதுகைப் பிட்சர், முழங்கையில் இரண்டு முறை பெரிய அறுவைச் சிகிச்சை ஆனவர். 2023 ஜூன் கடைசியில் பிட்சர் அரோல்டிஸ் சாப்மனை டெக்சஸ் ரேஞ்சர்ஸுக்குக் கொடுத்து அவரை வாங்கினார்கள். சாப்மன் சில மாதங்களுக்கு மட்டும் வாடகைக்கு வந்தவர் போல. சீசன் முடிந்தால் கிளம்பிவிடுவார். ரேகன்ஸோ பல ஆண்டுக்கு அணியின் கையில் இருப்பார். சாப்மனை வைத்து ரேஞ்சர்ஸ் அந்த ஆண்டே வேர்ல்ட் சீரிஸ் என்ற இறுதித் தொடரை ஜெயித்தது. அடுத்த ஆண்டு பால்டிமோருக்கு எதிரான முதல் பிளேஆஃப் ஆட்டத்தில் ரேகன்ஸ் ஆறு இன்னிங்ஸில் ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. ராயல்ஸ் 1–0 ஜெயித்தது. இரண்டு பக்கத்துக்கும் லாபமான வியாபாரம். விற்பது என்றால் இப்படி விற்க வேண்டும்.

ராயல்ஸை ரொம்பவும் தூக்கி வைக்கவும் வேண்டாம். 2024-இல் அது ஜெயித்த 86-இல் 12, வைட் சாக்ஸுக்கு எதிராக வந்தவை. 13 ஆட்டத்தில் 12! பக்கத்து வீட்டுக்காரன் விழுந்து கிடந்தால் நம் கதவு உயரமாகத்தான் தெரியும். 2025-இல் 82 வெற்றியோடு பிளேஆஃபுக்கு வெளியே நின்றது. அந்தக் குளிர்காலச் செலவுக்கு இன்னொரு காரணமும் பேசப்பட்டது: புது மைதானத்துக்கு ஊர்க்காரர்களிடம் வரிப்பணம் கேட்டு 2024 ஏப்ரலில் வாக்கெடுப்பு இருந்தது. மக்கள் முடியாது என்று வாக்களித்துவிட்டார்கள். லூகோ மட்டும் மிச்சம்.

வைட் சாக்ஸ் கதை இதைவிடப் பாடம் உள்ளது, ஏனென்றால் அவர்கள் சோம்பேறிகள் அல்ல. புத்தகத்தில் எழுதியபடி புதிதாகக் கட்டியவர்கள். 2016 டிசம்பரில் கிறிஸ் சேல் என்ற பிட்சரை பாஸ்டனுக்கு விற்று யோவான் மொன்காடா, மைக்கேல் கோபெக் உள்பட நால்வரை வாங்கினார்கள். அதே வாரம் ஆடம் ஈட்டனை வாஷிங்டனுக்குக் கொடுத்து லூகாஸ் ஜியோலிட்டோவையும் இன்னும் இரண்டு பிட்சர்களையும் பெற்றார்கள். 2017-இல் ஹோசே கின்டானாவை நகரத்தின் மறுபக்கத்து கப்ஸுக்கு விற்று எலோய் ஹிமேனெஸ், டிலன் சீஸ். வந்தவர்கள் யாரும் சோடை இல்லை. பேஸ்பால் உலகமே புகழ்ந்தது. 2021-இல் 93 வெற்றி, பிரிவில் முதலிடம். பிளேஆஃபில் ஹூஸ்டனிடம் 3–1 தோல்வி. அதோடு முடிந்தது. 2022-இல் 81–81. அடுத்து 101 தோல்வி, அதற்கடுத்து 121.

ஐந்து வருடம் இலவு காத்த கிளிக்குக் கிடைத்தது ஒரே ஒரு நல்ல முழுப் பருவம். எங்கே தவறியது? இரண்டு இடத்தில் என்பேன். ஒன்று, அவர்கள் வாங்கினார்கள், வளர்க்கவில்லை. பெரிய பெயரோடு வந்த ஏழெட்டு இளைஞர்களுக்குப் பின்னால், இளைஞர்கள் பழகும் கீழ்மட்டத் தொடர்களான மைனர் லீகில் இருந்து தொடர்ந்து ஆள் வரவில்லை. ஒருவருக்கு முதுகு, ஒருவருக்குக் கால் என்று காயம் வந்தபோது அந்த இடத்தை நிரப்ப யாரும் இல்லை. கோபெக் 2024 ஜூலையில் டாட்ஜர்ஸுக்குப் போய், அந்த ஆண்டே வேர்ல்ட் சீரிஸ் மோதிரம் வாங்கினார். ஆள் கெட்டவர் இல்லை, இடம் கெட்டது.

இரண்டாவது, கட்டடம் எழும்பியபோது கூரை போடவில்லை. 2019-இல் மேனி மச்சாடோ சந்தையில் இருந்தார். வைட் சாக்ஸ் 8 ஆண்டுக்கு 25 கோடி டாலர் உறுதி தருவதாகச் சொன்னது. சான் டியாகோ 10 ஆண்டுக்கு 30 கோடி என்றது. மச்சாடோ அங்கே போய்விட்டார். சிகாகோ அணி அதன்பின் போட்ட மிகப் பெரிய ஒப்பந்தம் 2022 டிசம்பரில் ஆண்ட்ரூ பெனின்டெண்டிக்கு, 7.5 கோடி. பணம் செலவழிக்க வேண்டிய நேரத்தில் பிடித்துக்கொண்டார்கள். ஓடம் கரையேறிய பின் துடுப்பு வாங்கினார்கள்.

இன்னும் பின்னால் போனால் 2016 ஜூன். அப்போது வைட் சாக்ஸ் கட்டவும் இல்லை, போட்டியிலும் இல்லை, நடுவில் ஊசலாடியது. ஜேம்ஸ் ஷீல்ட்ஸ் என்ற வயதான பிட்சருக்காக 17 வயதுப் பையன் ஒருவனைச் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்தப் பையன் பெர்னாண்டோ டாட்டிஸ் ஜூனியர். ஐந்து வருடம் கழித்து அவருக்கு சான் டியாகோ 34 கோடி டாலர் எழுதியது. விதைநெல்லைக் குத்தித் தின்பது என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான். என் கணக்கில் ஒரு அணிக்கு மிக ஆபத்தானது இந்த ஊசலாட்டம். விற்பவருக்கு இளைஞர்கள் கிடைப்பார்கள், செலவழிப்பவருக்கு ஒரு நல்ல கோடையாவது கிடைக்கும். நடுவில் நிற்பவருக்கு ஒன்றும் கிடைக்காது.

ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் உதாரணம் எல்லாரும் சொல்வது. 2011 முதல் 106, 107, 111 என்று தோற்று, 2017-இல் வேர்ல்ட் சீரிஸ் ஜெயித்த அணி. "தோற்றால் டிராஃப்டில் முதல் இடம், முதல் இடத்தால் கோப்பை" என்று இதை எளிமையாக்கிவிட்டார்கள். உண்மையில் அந்தக் கோப்பையின் நடுத்தூண் ஹோசே ஆல்டுவே. அணி தோற்கத் தொடங்குவதற்கு முன்பே, 2007-இல், வெனிசுவேலாவில் 15,000 டாலருக்கு எடுக்கப்பட்டவர். உயரம் குறைவு என்று முதலில் திருப்பி அனுப்பப்பட்டவர். 2013-இல் முதலாவதாக எடுத்த மார்க் ஆப்பெல் ஹூஸ்டனுக்காக மேஜர் லீகில் ஒரு பந்துகூட வீசவில்லை. முதல் இடம் என்பது லாட்டரிச் சீட்டு. அச்சடித்த நோட்டு அல்ல. அந்த 2017 கோப்பைக்குப் பின்னால் கேமரா வைத்து எதிரணியின் சைகைகளைத் திருடிய விவகாரமும் இருக்கிறது. அது வேறு கதை.

செலவழிப்பவர்கள் பக்கம் வேகமாகப் பார்த்துவிடலாம். 2021-இல் 102 தோற்ற டெக்சஸ் ரேஞ்சர்ஸ், அந்தக் குளிர்காலத்தில் கோரி சீகருக்கு 32.5 கோடி, மார்கஸ் செமியனுக்கு 17.5 கோடி என்று சில நாட்களில் 50 கோடி டாலரை எழுதியது. அடுத்த ஆண்டு 94 தோல்வி, எல்லாரும் சிரித்தார்கள். அதற்கடுத்த ஆண்டு சாம்பியன், சீகர் வேர்ல்ட் சீரிஸின் சிறந்த ஆட்டக்காரர். அதே 2023-இல் நியூயார்க் மெட்ஸ் 33 கோடிக்கு மேல் சம்பளம் கொடுத்து, 75 ஆட்டம்தான் ஜெயித்து, பாதியில் பிட்சர்கள் ஷெர்சரையும் வெர்லாண்டரையும் விற்றது. ரேஞ்சர்ஸுக்குப் பணத்தோடு ஜோஷ் ஜங், இவான் கார்ட்டர் போன்று வீட்டில் வளர்ந்தவர்களும் இருந்தார்கள். மெட்ஸ் பெரிதும் நம்பியது நாற்பதை நெருங்கிய இரண்டு தோள்களை.

அந்த ஆண்டு வேர்ல்ட் சீரிஸில் ரேஞ்சர்ஸிடம் தோற்றது அரிசோனா டயமண்ட்பேக்ஸ். 2021-இல் 110 ஆட்டம் தோற்ற அணி. ராக்கீஸ் இருக்கும் அதே நேஷனல் லீக் வெஸ்ட் பிரிவு. அவர்களைத் தூக்கியவர் கோர்பின் கேரல். 2019 டிராஃப்டில் பதினாறாவது ஆள், முதல் ஆள் அல்ல. நன்றாக ஆடத் தொடங்கியதுமே, 2023 மார்ச்சில், 11.1 கோடிக்கு எட்டு ஆண்டு ஒப்பந்தம் போட்டுப் பிடித்துவைத்தார்கள்.

இனி ராக்கீஸ். 1993-இல் பிறந்த அணி இதுவரை ஒரு முறைகூடத் தன் பிரிவை ஜெயித்ததில்லை. 2023 வரை 100 தோல்வியும் கண்டதில்லை. பிறகு 103, 101, 119 என்று மூன்று வருடம் வரிசையாக. 2025-இல் எடுத்த ரன் 597, விட்டுக்கொடுத்தது 1,021. நவீன காலத்தில் இவ்வளவு பெரிய பள்ளம் எந்த அணிக்கும் விழுந்ததில்லை. மே 10-ஆம் தேதி சான் டியாகோவிடம் 21–0 தோற்று, மறுநாள் ஜெயித்து, ஜெயித்த கையோடு மேனேஜர் பட் பிளாக்கை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இந்த நிலைக்கு வந்தது விற்றதாலா, செலவழித்ததாலா? இரண்டையும் அரைகுறையாகச் செய்ததால். மூன்றாம் பேஸில் நிற்பதற்கே பிறந்தவர் போன்ற நோலன் அரெனாடோவுக்கு 2019-இல் 8 ஆண்டுக்கு 26 கோடி எழுதினார்கள். இரண்டே வருடத்தில், 2021 பிப்ரவரியில், அவரை செயின்ட் லூயிஸுக்குக் கொடுத்து, கூடவே சுமார் 5 கோடி டாலரையும் கட்டிக் கொடுத்தார்கள். வரதட்சணை கொடுத்து மகனை அனுப்பிய முதல் குடும்பம் இதுவாகத்தான் இருக்கும்.

அந்தக் கோடையில் ஷார்ட்ஸ்டாப் டிரெவர் ஸ்டோரிக்கு ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டு. அணி போட்டியில் இல்லை. விற்றிருந்தால் இரண்டு மூன்று நல்ல இளைஞர்கள் வந்திருப்பார்கள். விற்கவில்லை. ஒப்பந்தத்தை நீட்டவும் இல்லை. 2022 மார்ச்சில் அவர் பாஸ்டனுக்குப் போனார். கிடைத்தது, ஆள் போனதற்கு ஈடாக டிராஃப்டில் கூடுதலாக ஒரு தேர்வு. பிட்சர் ஜான் கிரே டெக்சஸுக்குப் போனபோது அதுகூடக் கிடைக்கவில்லை. ஸ்டோரி கிளம்பிய அதே மாதம் கிரிஸ் பிரையன்டுக்கு 7 ஆண்டு, 18.2 கோடி டாலர். முதல் நான்கு ஆண்டுகளில் அவர் ஆடியது மொத்தம் 170 ஆட்டம். முதுகுவலி; மனிதரைக் குறை சொல்வதில் பயனில்லை. முப்பது வயதானவருக்கு ஏழு வருடம் எழுதிய கையைத்தான் கேட்க வேண்டும்.

டென்வருக்கு மட்டும் உள்ள ஒரு பிரச்சினை இங்கே வருகிறது. என்னைப் பொறுத்தவரை முழுப் பதிலும் இதில்தான் இருக்கிறது.

கூர்ஸ் ஃபீல்டின் மேல் அடுக்கில் எல்லா இருக்கையும் பச்சை. ஒரே ஒரு வரிசை மட்டும் ஊதா. கடல் மட்டத்திலிருந்து சரியாக ஒரு மைல், 5,280 அடி, என்பதன் அடையாளம் அது. அந்த உயரத்தில் காற்று மெலிது. கடற்கரை ஊரில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். அடித்த பந்து கூடுதல் தூரம் போகும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதைத் தடுக்க மைதானத்தைப் பெரிதாகக் கட்டினார்கள். அதனால் பந்து விழக் காலி இடம் அதிகம், ஒற்றை இரட்டை அடிகள் கொட்டும். 2002-இல் இருந்து பந்துகளை ஈரப்பதம் காக்கும் அறையில் வைத்து எடுக்கிறார்கள். எல்லாம் கொஞ்சம் உதவும். ஆனால் வளைபந்தை வளைப்பது காற்றுதான். காற்று மெலிந்தால் பிட்சரின் கையில் இருக்கும் வித்தை பாதி வேலை செய்யாது. பேட்டருக்கும் வேறு விதமான தண்டனை உண்டு: வீட்டில் அரைகுறையாக வளையும் பந்துக்குப் பழகிய கண், அடுத்த வாரம் லாஸ் ஏஞ்சல்ஸில் முழுதாக வளையும் பந்தைப் பார்த்து ஏமாறும்.

ஆகவே டென்வருக்குப் பிட்சரை விலைக்கு வாங்குவது கிட்டத்தட்ட முடியாத காரியம். செய்து பார்த்தார்கள். 2000 டிசம்பரில் மைக் ஹாம்ப்டனுக்கு 8 ஆண்டு, 12.1 கோடி டாலர். அந்தக் காலத்தில் பிட்சருக்கு அது மலைக்க வைக்கும் தொகை. கூடவே டென்னி நீகிளுக்கு 5.1 கோடி. ஹாம்ப்டன் இரண்டே பருவத்தில் வெளியே. அதன் பிறகு நல்ல பிட்சர் எவரும், வேறு இடம் கிடைத்தால், இந்த மலைக்கு ஏறி வர மாட்டார். நானாக இருந்தாலும் வர மாட்டேன்.

2000-க்குப் பிறகு இந்த அணி நன்றாக இருந்த இரண்டு காலத்தையும் இதோடு ஒட்டிப் பாருங்கள். 2007-இல் கடைசி 22 ஆட்டங்களில் 21 ஜெயித்து வேர்ல்ட் சீரிஸ் போனார்கள். பாஸ்டன் நான்குக்கு நான்கு அடித்துப் போட்டது, அது பரவாயில்லை. அந்த அணியில் டாட் ஹெல்டன், மேட் ஹாலிடே, டிராய் டுலோவிட்ஸ்கி, பிட்சர்கள் ஜெஃப் பிரான்சிஸ், உபால்டோ ஹிமேனெஸ் எல்லாரும் வீட்டு வளர்ப்பு. 2017, 2018 என்று அடுத்தடுத்து பிளேஆஃப் போனபோது பந்து வீசியவர்கள் ஜான் கிரே, கைல் ஃப்ரீலேண்ட், இளம் வயதிலேயே இன்னொரு அணியிடமிருந்து வாங்கப்பட்ட ஹெர்மன் மார்கெஸ். ஃப்ரீலேண்ட் டென்வரிலேயே பிறந்து வளர்ந்தவர். அந்த மெலிந்த காற்றில்தான் வீசப் பழகினார். 2018-இல் 17 வெற்றி, ஒன்பது இன்னிங்ஸுக்கு ரன் விட்ட சராசரி 2.85. கூர்ஸ் ஃபீல்டில் பாதி ஆட்டம் வீசுபவருக்கு அது அதிசயம். இந்த ஊரில் பிட்சர் விளைவார். இறக்குமதி செய்தால் வாடிவிடுவார்.

அப்படியானால் விளைய வைக்கும் வேலைக்கு இந்த அணி எவ்வளவு முதலீடு செய்தது? வெட்கப்படும் அளவுக்குக் குறைவு. தரவு ஆய்வுப் பிரிவு லீகிலேயே சின்னவற்றில் ஒன்று என்று பல வருடமாகச் சொல்லப்படுகிறது. முக்கியப் பொறுப்புகளுக்கு வெளியாளை வைக்காமல், உள்ளேயே இருந்தவர்களை ஒருவர் பின் ஒருவராக ஏற்றிக்கொண்டே போனார்கள். 2025 நவம்பரில்தான் வெளியிலிருந்து பால் டிபொடெஸ்டாவை பேஸ்பால் பிரிவின் தலைவராகக் கொண்டுவந்தார்கள். ஓக்லண்ட், டாட்ஜர்ஸ் என்று பேஸ்பாலில் பேர் எடுத்தவர். ஆனால் 2016 முதல் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியில் இருந்தவர். பத்து வருட இடைவெளி பெரியது. இருந்தாலும் உள்வட்டத்துக்கு வெளியே ஆளைத் தேடினார்களே, அதுவே நல்ல அறிகுறி.

முதலாளிக்கு ஏன் அவசரம் இல்லை என்று கேட்பீர்கள். 119 தோற்ற வருடமும் 20 லட்சத்துக்கு மேல் ஆட்கள் அந்த மைதானத்துக்கு வந்தார்கள். கோடை மாலை, மலைகளுக்குப் பின்னால் சூரியன் இறங்கும், பீர் கிடைக்கும், யூனியன் ஸ்டேஷனில் இறங்கி நடந்தே போய்விடலாம். நானும் போனேன். ஸ்கோர் யாருக்கு வேண்டும்? இந்தக் கூட்டத்தில் எனக்கும் பங்கு இருப்பதால் முதலாளியை முழுதாகத் திட்டவும் வாய் வரவில்லை.

"தோற்றால் டிராஃப்டில் முதல் ஆளாவது கிடைக்குமே" என்ற ஆறுதலும் இப்போது போய்விட்டது. வேண்டுமென்றே தோற்பதைத் தடுக்க 2023 டிராஃப்டிலிருந்து முதல் ஆறு இடங்களுக்குக் குலுக்கல் வைத்திருக்கிறார்கள். அடிமட்ட மூன்று அணிகளுக்கும் முதல் இடத்துக்கான வாய்ப்பு ஆளுக்கு 16.5 சதவீதம்தான். அதோடு, சின்ன ஊர் அணி தொடர்ந்து இரண்டு ஆண்டுக்கு மேல் குலுக்கலில் இடம் பெற முடியாது. பெரிய ஊர் அணிக்கு அடுத்தடுத்த ஆண்டுகளிலேயே தடை. 121 தோற்ற வைட் சாக்ஸ் 2025-இல் பத்தாவதாகத்தான் எடுக்க முடிந்தது. 119 தோற்ற ராக்கீஸுக்கும் 2026-இல் பத்தாவது இடம்தான். வரலாறு காணாத தோல்விக்குப் பரிசு, ஓரளவு நன்றாக ஆடிய அணிக்குக் கிடைக்கும் அதே இடம்.

இன்னொரு பக்கம், இதே பிரிவில் டாட்ஜர்ஸ். ஷோஹெய் ஓடானிக்கு மட்டும் 70 கோடி டாலர், 2024-இலும் 2025-இலும் சாம்பியன். பணத்தால் அவர்களோடு மல்லுக்கு நிற்பது கடலோடு ஏற்றம் போட்டி போடுவது மாதிரி.

நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் இப்படிச் செய்வேன். ஆறாண்டுக் கட்டுப்பாடு 2028-க்குள் முடிகிற எவரையும் விற்பேன்; ஆனால் சீசனின் கடைசி நாள்வரை காத்திருந்து கையை விரிக்க மாட்டேன். ராயல்ஸ் ரேகன்ஸை வாங்கியதுபோல், மற்றவர்கள் காயத்துக்குப் பயந்து ஒதுக்கும் பிட்சர்களைக் கேட்பேன். ஃப்ரீ ஏஜென்டுகளில் எவருக்கும் இரண்டு ஆண்டுக்கு மேல் எழுத மாட்டேன். பிரையன்டுக்குக் கொடுத்ததுபோன்ற தொகை கையில் இருந்தால் அதை மைனர் லீக் பயிற்சியாளர்கள், மருத்துவர்கள், பந்தின் சுழற்சியை அளக்கும் கருவிகள், டொமினிகன் குடியரசிலும் வெனிசுவேலாவிலும் ஆள் தேடுபவர்கள் என்று பிரிப்பேன். பதினைந்தாயிரம் டாலருக்கு ஓர் ஆல்டுவே கிடைப்பது அங்கேதான். மெலிந்த காற்றில் எந்தப் பந்து வேலை செய்கிறது என்று முப்பது வருடமாக இந்த அணிக்கு மட்டும் கிடைத்திருக்கும் அனுபவம் இருக்கிறது. அதை வைத்து வேறு எவருக்கும் தெரியாத ஒரு பிட்சிங் பள்ளியை நடத்தியிருக்க வேண்டும். இதுவரை நடத்தாததுதான் எனக்கு ஆறாத கோபம்.

செலவழிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. 2025 டிராஃப்டில் நான்காவதாக ஈதன் ஹாலிடேயை எடுத்தார்கள். 2007 அணியின் மேட் ஹாலிடேயின் மகன். அவரோ வேறு ஒருவரோ பாபி விட் அளவுக்கு வளர்ந்தால், அன்றைக்குக் கஜானாவைத் திறக்க வேண்டும். முதலில் அவருக்கே நீண்ட ஒப்பந்தம், பிறகு அவரைச் சுற்றி லூகோ மாதிரி மூன்று பேர். வைட் சாக்ஸ் மச்சாடோவிடம் தயங்கியதுபோல் அந்த நாளில் தயங்கினால், அதற்கு முந்தைய ஐந்து வருடமும் சேர்ந்து பாழாகும்.

எத்தனை வருடம் ஆகும் என்றால், 2029-க்கு முன்னால் இந்த அணி 81 ஆட்டம் ஜெயித்தால் நான் ஆச்சரியப்படுவேன். அதுவரை யாரை வாங்கினார்கள் என்ற செய்தியை நான் படிக்கப் போவதில்லை. ஆல்புகெர்கியில் இருக்கும் அவர்களுடைய டிரிபிள்-ஏ (மைனர் லீகின் உச்சப் படி) அணியும் ஐயாயிரம் அடிக்கு மேல்தான் ஆடுகிறது. அங்கே வீசும் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுப் பையன்களின் கணக்கு வருடத்துக்கு வருடம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள்.